ஓரம் வளைந்த போன்

ஜடையனுக்குப் போனைப் பற்றி உறுதியான கருத்துகள் மூன்று இருந்தன. சட்டைப் பைக்குள் முழுக்க அடங்க வேண்டும். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே அழைக்க முடிய வேண்டும். கீழே விழுந்து மூன்று துண்டாகப் பிரிந்தாலும், பொறுக்கிச் சேர்த்துப் பேட்டரியைப் போட்டால் மறுபடி பேச வேண்டும். இந்த மூன்றையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. அவருடைய மகள் சுசித்ராவுக்கோ, நாளொன்றுக்கு எண்பது பேரை அழைத்து, உங்கள் போன் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதுதான் வேலை.

அந்த எண்பதில் அப்பா ஒருவராக வர முடியாது என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். ஊழியர் குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்டால் கருத்து கெட்டுப்போகுமாம். ஆக, தடுக்கி விழுந்தால் கருத்துக் கேட்கிற மைசூரில், கேட்கவே கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சிலரில் ஜடையனும் ஒருவர். அவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஹனூர் தாலுகா கௌதள்ளிக்காரர். இருபத்திரண்டு வயதில் மைசூருக்கு வந்து பெயிண்டர்களோடு சேர்ந்தார். உட்சுவர் அடிக்கிறவர்களுக்குத் தரையும் ஏணியும் உண்டு. ஜடையன் வெளிச்சுவருக்குப் போனார். போகாதி சாலையிலும் விஜயநகரிலும் எழுந்த அடுக்குமாடிகளில் பலவற்றின் ஒவ்வொரு ஜன்னலையும் அவர் வெளியிலிருந்து அறிவார். ஒன்றின் உள்ளேயும் உட்கார்ந்ததில்லை. உயரம் பயமில்லையா என்று கேட்டால், ரோட்டைக் கடக்கத்தான் பயம் என்பார். அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. மேட்டகள்ளி பஸ் நிறுத்தத்தில் அந்தப் பக்கம் போக அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு சன்ஷேடுக்கு முதல் கோட் அடித்துவிடலாம்.

வெளிச்சுவர் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து சுவரை அடிப்பார். இன்னொருவர் மேலே இரும்புத் தூணில் அந்தக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவர் கேட்கக் கேட்க இரண்டு முழம் இரண்டு முழமாக இறக்குவார். இதைத் தவிர இடுப்பிலும் மார்பிலும் கட்டிய பெல்டில் மாட்டிய பாதுகாப்புக் கயிறு ஒன்று தனியாக உண்டு. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார். இடையில் கைப்பிடிச் சுவர் துருத்திக்கொண்டிருக்கும். காற்றிலும் வண்டிச் சத்தத்திலும் கத்தினால் கேட்காது.

ஜடையனுக்கு மேலே கயிறு பிடித்தது அவருடைய மனைவி மாதேவியின் தம்பி வேலாயுதம். பதினெட்டு வருடமாக அவன்தான். மாமன் மச்சான் சண்டைகள் எல்லாம் அவர்களுக்குள்ளும் வந்தன. ஒரு பொங்கலுக்கு இரண்டு மாதம் பேச்சே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் வேலாயுதம் பிடித்த கயிற்றில்தான் ஜடையன் தொங்கினார்.

பேசாமலே வேலை நடந்ததற்குக் காரணம் மிஸ்டு கால். ஒரு மிஸ்டு கால் என்றால் இறக்கு. அடுத்தடுத்து இரண்டு என்றால் நிறுத்திப் பிடி. மூன்று என்றால் கயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டு இறங்கி வா, சாப்பிடலாம். நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு போன காலத்தில் பிறந்த ஏற்பாடு இது. பிறகு நாள் முழுக்கப் பேசினாலும் காசில்லை என்ற காலம் வந்தது. இவர்கள் ஏற்பாட்டை மாற்றவில்லை. அதில் ஒரு விளைவும் உண்டு: பதினெட்டு வருடத்தில் ஜடையன் அழைத்து வேலாயுதம் ஒரு தடவைகூடப் போனை எடுத்ததில்லை. எடுத்தால் வேலை கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வரச் சொல்ல அழைத்தால்கூட அவன் கை தானாக நின்றுவிடும். மாதேவியின் போனிலிருந்துதான் கூப்பிட வேண்டும்.

அதற்குத் தோதாக ஜடையனிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் வேலாயுதத்துக்குப் போகும். சட்டைப் பைக்குள் கையை விட்டு, சுவரைப் பார்த்தபடியே கட்டைவிரலால் தடவி அழுத்துவார். அந்தப் பொத்தானில் இருந்த இரண்டு எப்போதோ அழிந்துவிட்டது.

சுசித்ரா மாலையில் வீட்டுக்கு வந்ததும் அன்றைய கருத்துகளைச் சொல்வாள். சாப்பாட்டுக்கு முன்னால் அது ஒரு கூத்து. குண்டலுபேட்டைப் பூ வியாபாரி ஒருவர், போனைக் காதில் வைத்தால் பாதி முகம் மறைந்துபோகிறது, எதிரே வரும் சம்பந்தியைப் பார்க்காமல் போய்ப் பெரிய தகராறாகிவிட்டது என்றாராம். நஞ்சன்கூட்டு ஆசிரியை ஒருவர், கேமராவுக்காகத் திரையில் விட்டிருந்த கறுப்புப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து இரண்டு நாள் துடைத்தாராம். ரேடியோ போய்விட்டது என்று ஒருவர், இயர்போன் ஓட்டையை அடைத்துவிட்டார்கள் என்று ஒருவர், மெமரி கார்டுக்கு இடமில்லை என்று ஒருவர். பெரிதாக இருக்கிறது என்று ஏறக்குறைய எல்லோருமே குறைப்படுவார்கள். கடைசிக் கேள்வியாக, அடுத்த போன் எப்படி வேண்டும் என்று கேட்டால், இதைவிடக் கொஞ்சம் பெரிதாக என்பார்கள்.

"அப்புறம் எதுக்கு கண்ணு கேக்கறீங்க?" என்பார் ஜடையன்.

"கேக்கறதுதான்ப்பா வேலை. செய்யறது வேற டிபார்ட்மெண்ட்."

வேலையில் ஒரு வருடம் முடிந்ததும் அவள் அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிவந்தாள். மட்டமான ஒன்றை வாங்கி ஏமாற அவளென்ன நம்மைப் போன்றவளா? நாலாயிரம் பேர் சொன்ன கருத்து அவள் கையில் இருந்தது. அதில் முதலில் நின்ற போனையே வாங்கினாள்.

"ஆறு புள்ளி ஏழு இஞ்ச் அப்பா. திரைக்கு மட்டும் அஞ்சுக்கு நாலரை மார்க்."

ஜடையன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் வாங்க முடியாது. திரை இரண்டு பக்கமும் ஓரத்தைத் தாண்டி வளைந்து இறங்கியிருந்தது. பெயிண்டரின் கண் அங்கேதான் போனது.

"ஓரமெல்லாம் ஏன் கண்ணு வழிஞ்சு கெடக்குது?"

"அய்யோ, வழியல அப்பா. கர்வ். அதுக்குத்தான் நாலரை!"

பூட்டுப் போட விரலை வைக்கச் சொன்னாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். போன் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. உப்புத்தாளும் தின்னரும் இருபத்தாறு வருடத்தில் அவர் ரேகைகளைத் தேய்த்து முடித்திருந்தன. "பேடா, பூட்டே வேணாம்" என்றாள் சுசித்ரா, பாதி கன்னடத்தில். பிறகு வலது பக்கத்து வளைவில் விரலை வைத்து உள்ளே தள்ளிக் காட்டினாள். மூன்று முகங்கள் வரிசையாக வந்து நின்றன. மாதேவி, சுசித்ரா, வேலாயுதம்.

"இப்படித் தள்ளு. மாமா மூஞ்சியைத் தொடு. ஆய்த்து, கால் போயிடும். நம்பரே தேட வேண்டாம்."

அக்ரஹாரத்தில் ஒரு கடையில் பழைய சிம்மைச் சின்னதாக வெட்டிப் புதிய போனில் போட்டுக்கொடுத்தார்கள். பட்டன் போன் மாதேவியின் ஊதுபத்தி டப்பாக்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அவள் வேலை பார்த்த இடம் ஊதுபத்திக் கம்பெனி. வீட்டில் எந்தப் பொருளைத் தொலைத்தாலும் மல்லிகை மணத்தோடு கிடைக்கும்.

புதிய போன் சட்டைப் பையில் பாதி வெளியே நின்றது. குனிந்தால் விழும். மாதேவி ஒரு கனமான துணியில் பை தைத்து, பெல்டின் மார்பு வாருக்கு உள்ளே நிற்கும்படி நாடாவும் வைத்துக்கொடுத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. வாரை இறுக்கினால் போன் அசையாது.

வேலைதான் சிரமப்பட்டது. பெயிண்ட் ஈரம் இருந்தால் திரை விரலை மதிக்காது. துடைக்க வேண்டும், வெளியே எடுக்க வேண்டும், பார்க்க வேண்டும், தள்ள வேண்டும், தொட வேண்டும். மேலே வேலாயுதம் காத்திருப்பான். தினமும் மாலையில் சுசித்ரா கேட்டாள்.

"எப்படி இருக்கு அப்பா?"

"நல்லாருக்குது கண்ணு."

"அஞ்சுக்கு எத்தனை?"

"அஞ்சு."

வாழ்க்கையில் அவரிடம் ஒருவர் கேட்ட ஒரே கருத்து அது. அதற்கு அவர் பொய் சொன்னார். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று என்று சொல்ல எந்த அப்பனால் முடியும்?

இருபதாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. போகாதி சாலையில் ஒன்பது மாடிக் கட்டடம். ஜடையன் ஏழாவது மாடியில் இருந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு மூலை. பலகையில் உட்கார்ந்தபடி பிரஷ் எட்டாது. அதற்கு அவர் வழக்கமாகச் செய்வதையே செய்தார். பலகையை விட்டு எழுந்து ஜன்னல் சன்ஷேடில் கால் வைத்து, மார்பைச் சுவரோடு அழுத்திக் குழாயைக் கட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டு அடித்தார். முடிந்ததும் பின்னால் பார்க்காமல் உட்கார்ந்தார். இதை ஆயிரம் தடவை செய்திருக்கிறார். ஆயிரம் தடவையும் முழங்காலுக்குப் பின்னால் பலகை இருந்தது.

இந்தத் தடவை இல்லை. அது இரண்டு முழம் கீழே போயிருந்தது.

பாதுகாப்புக் கயிறு பிடித்தது. பிடிப்பதற்குள் இடது குதிகால் சுவரின் ஒரு திட்டில் முழு எடையோடு மோதியது. பிறகு அவர் சுவரில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு, தன் புத்தம்புது ஐவரி நிறத்தில் தன் கைத்தடம் விழுந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் திருத்த வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியதாம்.

கூட வேலை செய்தவர்கள் அவரை ஜன்னல் வழியே உள்ளே இழுத்துக் கீழே கொண்டுவந்தபோது கான்ட்ராக்டர் மஞ்சுநாத் ஓடிவந்தார். ஜடையனின் மார்புப் பையிலிருந்து போனை எடுத்து, அதிலிருந்தே வேலாயுதத்தை அழைத்தார், நாலைந்து முறை. வேலாயுதம் எடுக்கவில்லை. அவன் எப்படி எடுப்பான்? ஒவ்வொரு அழைப்பும் அவனுக்கு ஓர் உத்தரவாகப் போய்ச் சேர, இறக்குவதா பிடிப்பதா என்று தெரியாமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

அவன் இறங்கி வந்ததும் மஞ்சுநாத் அரைக் கன்னடமும் அரைத் தமிழுமாகப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குடா கயிறு விட்டே?"

"கால் வந்துச்சுங் சார். மச்சான் ஒண்ணு விட்டாரு, நான் எறக்குனேன்."

"எங்கே காட்டு."

வேலாயுதம் தன் பட்டன் போனைக் காட்டினான். அதில் ஓர் எண்ணுக்கு ஒரு வரிதான் நிற்கும், கடைசியாக அழைத்த நேரத்தோடு. பதினொன்று முப்பத்துமூன்று என்று இருந்தது.

"அது நான் பண்ணினது! அவன் விழுந்ததுக்கு அப்புறம் நான் பண்ணினது! வாயில வெத்தலை, கண்ணு எங்கேயோ. ஏய் ஜடையா, நீ கூப்பிட்டியா?"

ஆட்டோவின் பின் இருக்கையில் காலை நீட்டிக் கிடந்த ஜடையன் வேலாயுதத்தைப் பார்த்தார்.

"நான் கூப்பிடல" என்றார்.

அது உண்மை. அவர் கூப்பிடவில்லை. அந்த ஒரு சொல்லோடு வேலாயுதத்தின் வேலை போனது. மஞ்சுநாத்திடம் மட்டுமல்ல, எல்லா இடத்திலும் போனது. கயிறு பிடிப்பவனிடம் சான்றிதழ் கேட்பதில்லை. அவனைப் பற்றி நாலு பேர் சொல்வதுதான் சான்றிதழ். சாயங்காலத்துக்குள் கெம்பையன் என்ற இன்னொரு கான்ட்ராக்டர் உட்பட எல்லோருக்கும் சேதி போய்விட்டது: சொந்த அக்கா புருஷனையே கயிறு விட்டவன். மறுநாள் வேலாயுதம் கொள்ளேகால் பஸ் ஏறி ஊருக்குப் போனான். போகும் முன் ஆஸ்பத்திரிக்கு வந்தான், வாசல்வரை. உள்ளே வரவில்லை.

மூன்றாவது நாள், கட்டிலில் கிடந்தபடி ஜடையன் மாதேவியை அழைக்கப் போனைத் தடவினார். எதையோ தொட, அழைப்புப் பட்டியல் திறந்தது. டச் போன் எதையும் மறப்பதில்லை. ஒவ்வோர் அழைப்பும் தனித்தனியே இருந்தது. மஞ்சுநாத் செய்தவை பதினொன்று முப்பதுக்கு மேல், வரிசையாக. அவற்றுக்குக் கீழே தனியாக ஒன்று: வேலாயுதம், பதினொன்று பதினேழு. அவர் குழாயைக் கட்டிக்கொண்டு மார்பைச் சுவரில் அழுத்திய நேரம்.

அவருக்குப் படிப்பு ஏழாம் வகுப்பு. ஆனால் இதைப் படிக்க அது போதும். வியர்வையில் நனைந்த துணிப்பை. அதை அழுத்திய வார். பூட்டில்லாத போன். ஓரத்திலேயே காத்திருந்த மூன்று முகம்.

சொன்னால் வேலாயுதத்தின் பேர் திரும்பும். சொன்னால் சுசித்ரா, தான் வாங்கித் தந்த போன் அப்பாவைத் தள்ளிவிட்டது என்று ஆயுசுக்கும் நினைப்பாள். ஜடையன் இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தார். பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

பத்து நாள் அப்படிப் போனது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். மாதேவி தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் மட்டும், அவர் காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எந் தம்பி கையி வழுக்காதுங்க. நீங்களும் பொய் சொல்ல மாட்டீங்க. ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

ஜடையன் மின்விசிறியைப் பார்த்தார். அதன் இறக்கைகளுக்கு யாரோ மோசமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுசித்ரா ஒரு காகிதத்தோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆபீசில் அவளுக்குத் தமிழ்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். தமிழ் வீட்டுப் பெண் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கேள்விகளைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"அப்பா, நான் படிக்கறேன், நீ கஸ்டமர். தப்பா சொன்னா திருத்து. வணக்கம் சார், நான் சுசித்ரா பேசுகிறேன். ஐந்து நிமிடம் உங்கள் போனைப் பற்றிப் பேசலாமா?"

"பேசலாமுங்க."

"உங்கள் போனின் அளவு எப்படி? சிறியது, சரியானது, பெரியது."

ஜடையன் தலையணைக்கு அடியில் கையை விட்டுப் போனைத் தொட்டார்.

"பெருசு."

"சும்மா ப்ராக்டிஸ் அப்பா. சரியானதுன்னு சொல்லு. பெருசுன்னா எக்ஸ்ட்ரா கேள்வி இருக்கு."

"பெருசு கண்ணு. பையில அடங்கல. அதுக்கோசரம்தான் உங்கம்மா பை தெச்சா."

அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். "திரையின் வடிவம்? தட்டை, வளைவு."

"வளைவு."

"பிடித்திருக்கிறதா?"

"இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சுன்னு சொன்னியே?"

"சொன்னேன். அடுத்ததக் கேளு."

"நீங்கள் தொட நினைக்காதபோது போன் தானாக இயங்கியது உண்டா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி."

"ஒரு தடவ."

"ஒரு தடவைன்னு ஆப்ஷன் இல்லப்பா. எப்போதாவது போட்டுக்கறேன்."

"எப்பன்னு கேளு."

"அது கேள்வியில இல்ல."

"கேளு கண்ணு."

அவர் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துப் பட்டியலைத் திறந்து அவளிடம் கொடுத்தார். விரலால் தொட்டுக் காட்டவில்லை. பட்டால் எங்கேயாவது போய்விடும் என்ற பயம் இன்னும் இருந்தது. "கீழ இருக்குது பாரு, பதினொண்ணு பதினேழு. நான் கூப்பிடல. அது நெசம். ஆனா கால் போயிருக்குது. அதுவும் நெசம்."

சுசித்ரா நாளெல்லாம் இந்த மாதிரிப் பட்டியல்களைப் பார்க்கிறவள். அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. காகிதம் மடியிலிருந்து தரையில் விழுந்தது.

"அந்த ஓரத்துல மாமா மூஞ்சிய வெச்சது நான்" என்றாள். "பூட்டு வேணாம்னு சொன்னதும் நான்."

வாசற்படியில் கையில் மாவோடு மாதேவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"பை தெச்சது நானு. வார நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னு சொன்னதும் நானு."

"இப்படி ஆளாளுக்குச் சொல்லுவீங்கன்னுதான் நான் சொல்லல" என்றார் ஜடையன்.

மாதேவியின் குரல் உயரவில்லை. அதுதான் மோசம். "நாங்க அழுதுரக் கூடாதுன்னு எந் தம்பிய அழவுட்டீங்க. பத்து நாளு. உங்க மனசு நெம்பப் பெருசுங்க."

"அவனக் கூப்புடு கண்ணு" என்றார் ஜடையன்.

சுசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனிலிருந்து மாமாவை அழைத்தாள். எடுக்கவில்லை. மாதேவியின் போனிலிருந்து அழைத்தார்கள்; மணி அடித்து ஓய்ந்தது. நாளொன்றுக்கு முன்பின் தெரியாத எண்பது பேரைப் பேசவைக்கிறவளுக்குத் தாய்மாமனை ஒரு 'ஹலோ' சொல்லவைக்க முடியவில்லை.

"என் போன்ல நான் கூப்புட்டாத்தான் சரி" என்றார் ஜடையன்.

"நீ கூப்பிட்டா எடுக்கவே மாட்டாரேப்பா!"

"எடுக்க வேண்டாம்."

ஊதுபத்தி டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து பட்டன் போன் வெளியே வந்தது. வெட்டிய சிம் அதில் நிற்கவில்லை. சுசித்ரா ஸ்கூட்டரில் அக்ரஹாரத்துக்குப் போய், சிம்மைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று வாங்கி வந்தாள். கடைக்காரர், எல்லோரும் பெரிய போனுக்குப் போகும்போது நீங்கள் ஏன் பின்னால் போகிறீர்கள் என்று கேட்டாராம். அவள் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாளாம். கருத்துக் கேட்டால் இனிமேல் யோசித்துத்தான் சொல்வாள்.

ஜடையன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். முழுக்க உள்ளே போனது. கையை விட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, அழிந்த இரண்டை அழுத்திப் பிடித்தார். ஒன்று. விட்டுவிட்டு மறுபடி. இரண்டு. விட்டுவிட்டு மறுபடி. மூன்று. பிறகு கையை வெளியே எடுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வேலாயுதம் வாசலில் நின்றான். முகம் கறுத்திருந்தது. செருப்பைக் கழற்றவில்லை.

"மூணு உட்டயே" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

மாதேவி உள்ளே கூப்பிட்டதற்கும் அசையவில்லை. சுசித்ராதான் எழுந்து போனாள். அன்றைக்கு அவள் விடுப்பு. பெரிய போனை அவனிடம் நீட்டி, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். பூட்டு, ஓரம், மூன்று முகம், பை, பதினொன்று பதினேழு. ஆபீசில் பேசுகிற குரலில் தொடங்கினாள்; நடுவில் அது உடைந்துவிட்டது. அப்பாவுக்கு இது பத்து நாளாகத் தெரியும் என்பதைச் சொல்லாமல் நிறுத்தினாள். ஜடையன் கட்டிலிலிருந்து அதைச் சேர்த்துச் சொன்னார்.

வேலாயுதம் நேரம் பார்க்கிறவனைப் போலத் திரையை வெகுநேரம் பார்த்தான்.

"கயிறு லேசா இருந்துச்சு" என்றான் கடைசியில்.

யாருக்கும் புரியவில்லை.

"பலகையில ஆளு இருந்தா கயிறு கனமா இருக்கும். அன்னிக்கு லேசா இருந்துச்சு மச்சான். கைக்குத் தெரிஞ்சுது, நீ எந்திரிச்சு நிக்கறேன்னு. ஒரு நொடி யோசிச்சேன். போன் வந்துருச்சேன்னு உட்டுட்டேன்." அவன் போனைச் சுசித்ராவிடம் திருப்பிக் கொடுத்தான். "மஞ்சுநாத் கேக்கறப்ப இதச் சொல்லல. கால் வந்துச்சுன்னு மட்டும் சொன்னேன். பஸ்ஸுல போறப்ப இதான் நெனச்சுட்டே போனேன். என்ர கை சொன்னத நான் கேக்கல."

ஜடையனும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் உண்மை சொல்லியிருந்தார்கள், ஆளுக்குப் பாதியாக.

அதன் பிறகு வேலாயுதம் செருப்பைக் கழற்றினான்.

சாப்பாட்டுக்கு முன்பே ஜடையன் மஞ்சுநாத்தை ஸ்பீக்கரில் அழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மஞ்சுநாத் மூச்சு விட்டார்.

"போன் தானா கூப்பிட்டுச்சுன்னு சொன்னா யார் நம்புவாங்க ஜடையா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமுங்க. எம் பொண்ணு போட்டோ புடிச்சு அனுப்புவா, நேரத்தோட. நீங்க அதக் காட்டுங்க. கெம்பையனுக்கும் காட்டுங்க. நீங்க சேதி சொன்ன அத்தன பேருக்கும், கால் வந்துதான் அவன் விட்டான்னு சொல்லோணும். நான் விழுந்தது எனக்குப் போச்சு, அவம் பேர நீங்கதான் எடுத்தீங்க, நீங்கதான் குடுக்கோணும்."

ஜடையன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. மஞ்சுநாத்தும் கேட்டதில்லை போலிருக்கிறது. "சரி, அனுப்பு, பேசறேன்" என்றார். புதன்கிழமை கெம்பையனிடமிருந்து வேலாயுதத்துக்கு அழைப்பு வந்தது, ஹூட்டகள்ளியில் ஆறு மாடி வேலைக்கு. அவன் எடுத்துப் பேசினான்.

ஜடையனின் குதிகால் கூடிவிடும், ஆனால் பழைய கால் என்று நம்ப முடியாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மறுபடி பலகையில் உட்காருவாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி அந்தத் திங்கட்கிழமையே ஒரு பேரம் நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்த வேலாயுதம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"நீ மறுக்கா ஏறுனா, மிஸ்டு கால் மட்டும் பத்தாது மச்சான்."

"பின்ன?"

"நீ கால் உடு. நான் கயித்த ஒருதடவ இழுப்பேன். நீ பலகையில இருந்தா திருப்பி இழுக்கோணும். இழுத்தாத்தான் எறக்குவேன். இல்லைன்னா நீ எத்தன போன் போட்டாலும் உடமாட்டேன்."

"நேரம் இழுக்கும்டா மாப்ள. மஞ்சுநாத் கத்துவாரு."

"கத்தட்டும்."

ஜடையன் யோசித்தார். பிறகு மாதேவியின் சேலை காய்ந்துகொண்டிருந்த கொடிக்கயிற்றைக் கையால் எட்டிப் பிடித்தார். அது கட்டிலுக்கு மேலே, சுவரிலிருந்து வாசல்வரை போயிருந்தது. மறு கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். வேலாயுதத்தின் இடுப்பில் போன் அடித்தது. அவன் அதைத் தொடவில்லை. எழுந்து வாசலருகே போய்க் கொடியின் மறுமுனையைப் பிடித்து ஒரு தடவை இழுத்தான், சேலை ஆடியது. அவன் காத்திருந்தான்.

ஜடையன் திருப்பி இழுத்தார்.